கப்பித்தானுக்கு மூட்டிய அடுப்பு

சந்தியோகு மாஸ்ரருக்கு அரசாங்கத்திடமிருந்து வேண்டியிருந்தது ஒரு கோடு. நாலு அங்குல நீளம் போதும். சிவப்பு மையாக இருந்தால் நல்லது. நீலமானாலும் அவன் குறை சொல்லப் போவதில்லை.

அந்தக் கோடு விழவேண்டிய இடம் அவனுடைய அடுப்புப் புத்தகத்தின் மூன்றாம் பக்கம். அங்கே இரண்டு பெயர்கள் இருந்தன. முதலாவது அவனுடையது. இரண்டாவது பெற்றிசியா. பெற்றிசியா இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. காய்ச்சல். ஆறு நாள்.

அது எழுபத்து நாலாம் ஆண்டு. அரிசியும் சீனியும் புத்தகம் உள்ளவருக்குத்தான். சனிக்கிழமைகளில் தோட்டவெளிக் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சர் தம்பு புத்தகத்தை விரித்து, அதிலுள்ள பெயர்களை உரத்து வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்கும், புத்தகம் கொண்டுவந்தவர் அந்த ஆள் இருப்பதற்குச் சாட்சியாக "ஓம்" சொல்லவேண்டும். சொன்னால்தான் அந்தப் பெயருக்குச் சாமான்.

"சந்தியோகு" என்பார் தம்பு.

"ஓம்."

"பெற்றிசியா."

வரிசை முழுவதும் நிலத்தைப் பார்க்கும். சந்தியோகு பேசமாட்டான். தம்பு பேனையைப் பிடித்தபடி, சட்டம் சொன்ன நேரம் வரைக்கும் காத்திருப்பார். பதினாறு சனிக்கிழமை இப்படிப் போயிற்று.

"தம்பி, என்னில கோவியாதையும்," என்றார் தம்பு பதினாறாவது கிழமை. "பேர் இருந்தால் நான் வாசிக்கத்தான் வேணும். கந்தோரில போய் வெட்டுவிச்சுக்கொண்டு வாரும்."

கந்தோரின் முழுப் பெயர் இல்லச் சமையல் அலகுகள் பதிவுப் பணிமனை. மன்னாரில் எல்லாரும் அதை அடுப்புக் கந்தோர் என்றார்கள். அதன் விறாந்தையில் எப்போதும் நாலைந்து கழுதைகள் நிற்கும். அவற்றைக் கலைக்க ஒருவருமில்லை. கழுதை வேறு திணைக்களம்.

பதிவாளர் நடராசா கட்டுக்கரைப் பக்கத்து வயற்காரக் குடும்பம். மெலிந்த மனிதர்; பேசும்போது மட்டும் பருத்துத் தெரிவார். சந்தியோகு மரண அத்தாட்சிப் பத்திரத்தை மேசையில் வைத்தான். அவர் அதைத் தொடாமல் வாசித்தார்.

"மாஸ்ரர், இது ஆள் செத்ததுக்கு அத்தாட்சி. அடுப்புக்கும் அவவுக்கும் உள்ள தொடர்பு அறுந்ததுக்கு அத்தாட்சி எங்கை?"

"ஆள் செத்தால் தொடர்பு அறும்தானே, சேர்."

"அப்பிடி நீங்கள் நினைக்கிறியள். மரணப் பதிவுக்காரர் ஆக்களை எண்ணுகினம். ஆக்கள் வருவினம், போவினம். அதை நம்பி ஒரு நாட்டை நடத்த ஏலுமே? அடுப்பு வைச்ச இடத்தில இருக்கும். அதாலைதான் அரசாங்கம் அடுப்பை நம்பியிருக்குது. ஒரு உலையில சமைச்சுச் சாப்பிடுற ஆக்கள் ஒரு குடும்பம். அவ்வளவுதான் எங்கட வேதம். இந்தாருங்கோ, படிவத்தை நிரப்புங்கோ."

படிவத்தில் முப்பத்தாறு கேள்விகள். பதினோராவது: வீட்டிலுள்ள அடுப்புகளின் எண்ணிக்கை.

மன்னார்த் தீவில் பிறந்த எவரும் இந்தக் கேள்விக்கு 'ஒன்று' என்றுதான் எழுதுவார்கள். வீட்டில் ஏழு அடுப்பு எரிந்தாலும் ஒன்றுதான். சந்தியோகு விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். கண்டதைக் கண்டபடி எழுது என்று ஒன்பது வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறவன். 'இரண்டு' என்று எழுதினான். இரண்டாவதன் நோக்கம் என்ற இடத்தில், 'பூனைக்குச் சமைத்தல்' என்று எழுதினான்.

நடராசா அதை வாசித்துவிட்டுக் கதிரையிலிருந்து எழுந்து நின்றார். அவருடைய இருபது வருஷ சேவையில் இரண்டு என்ற விடை வந்தது அதுவே முதல் தடவை.

அந்த இரண்டாவது அடுப்பு கிணற்றடியில், முருங்கைக்குக் கீழே, மூன்று கல். கலியாணம் முடித்த வருஷத்துத் தபசு காலத்தில் பெற்றிசியா வைத்தது. தபசு நாற்பது நாளும் அவள் மீன் தொடமாட்டாள். மீன் பட்ட சட்டியில் தன் கஞ்சியைக் காய்ச்சவும் மாட்டாள். ஆனால் பூனை கப்பித்தான் ஞானஸ்நானம் பெறாதவன். அவனுக்கு ஒருசந்தி நோன்பு கிடையாது என்பது அவளுடைய தீர்ப்பு. சுவாமியாரிடமும் கேட்டாள். அவர் தாடியைத் தடவி யோசித்துவிட்டு, பூனையைப் பற்றித் திருச்சபை ஒன்றும் சொல்லவில்லை என்றார். அது அவளுக்குப் போதும். பூனைக்குத் தனிச் சட்டி, தனி அடுப்பு. தபசு முடிந்தபிறகும் அடுப்பு அங்கேயே நின்றுவிட்டது.

கப்பித்தான் மண்ணிறக் கடுவன். ஒரு காதில் பாதி இல்லை. அவனுக்குச் சூடை மீனை உப்பு, புளி, தூள் ஒன்றும் போடாமல் அவித்து, முள்ளை விரலால் எடுத்து, ஒரு பிடி சோற்றோடு பிசைவாள் பெற்றிசியா. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் விசேஷம். இறால் தலையைத் தணலில் வாட்டி, இடித்து, மீனோடு சேர்த்துப் புளியங்கொட்டை அளவில் உருட்டி வெயிலில் வைப்பாள். பின்னேரம் அந்த உருண்டைகளை வெறுஞ்சட்டியில் போட்டுப் பிரட்டுவாள். "கப்பித்தானுக்குக் கொறிக்க" என்பாள். சந்தியோகு ஒன்றை எடுத்தால் கையில் அடி விழும்.

அவள் போனபிறகு கப்பித்தான் ஐந்து நாள் சாப்பிடவில்லை. குசினியில் ஆக்கியதை மணந்தும் பார்க்கவில்லை. ஆறாம் நாள் சந்தியோகு கிணற்றடியில் நெருப்பு மூட்டினான். முள் எடுக்கத் தெரியாமல் விரலைச் சுட்டுக்கொண்டான். கப்பித்தான் சட்டியைப் பார்த்தான். அவனைப் பார்த்தான். பிறகு தின்றான். அந்த நாலு மாதத்தில் சந்தியோகு செய்த வேலைகளில், ஏன் செய்கிறோம் என்று அவனுக்குத் தெரிந்திருந்த வேலை அது ஒன்றுதான்.

இதெல்லாம் எழுதுவதற்குப் படிவத்தில் இடமிருக்கவில்லை.

அடுத்த கிழமை பரிசோதகர் வின்சன்ட் சைக்கிளில் வந்தார். அளவுநாடா, வெப்பமானி, ஒரு கரண்டி. இரண்டு அடுப்புக்கும் இடையிலுள்ள தூரத்தை நீளமாகவும் குறுக்காகவும் அளந்தார். பிறகு சட்டியின் மூடியைத் திறந்தார்.

"இது ஆருக்கு?"

"பூனைக்கு."

"பூனைக்கெண்டு நீங்கள் சொல்லுறியள், மாஸ்ரர். சட்டம் சாப்பாட்டைத்தான் கேக்கும். உப்பில்லாட்டித் தீவனம். உப்பிருந்தால் உணவு. தீவனமெண்டால் எனக்கு வேலையில்லை, நான் போயிடுவன்."

கரண்டியால் எடுத்து வாயில் வைத்தார். கண்ணை மூடினார். திரும்பவும் எடுத்தார்.

"ஒருக்காப் பாத்துச் சொல்லேலாது," என்றார்.

ஆறாவது கரண்டியில் சட்டி வெறுமையாயிற்று. கிணற்றுக்கட்டில் இருந்த கப்பித்தான் இதைக் கடைசிவரை பார்த்தான். கிடுகு வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுச் செலீனாவும் பார்த்தாள். கருவாடு காயப்போடுகிறவள்; வாய்க்கு வேலியில்லை.

"அடேய் வின்சன்ட், பூனையின்ர வாய்க்கை போறதையும் பறிச்சுத் திண்டிட்டியே! உன்ர மனிசி உனக்கு ஒண்டும் ஆக்கித் தாறேல்லையோ?"

"அக்கா, கடமையில நிக்கிற உத்தியோகத்தனோட கதைக்கக் கூடாது." வின்சன்ட் வாயைத் துடைத்துக்கொண்டு எழுதினார். "உப்பிருக்கு."

"நான் போடேல்லை," என்றான் சந்தியோகு.

"போட்டதோ எண்டு சட்டம் கேக்கேல்லை. இருக்கோ எண்டுதான் கேக்குது."

"அது கடல் மீன். கடலில உப்பிருக்கு."

"அப்ப பிழை கடலிலதான். அதை எழுத எனக்கு அதிகாரமில்லை." சைக்கிளில் ஏறியவர் திரும்பிப் பார்த்தார். "மாஸ்ரர், இது உறுதிப்படுத்த இன்னொருக்கா வரவேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமையில உருண்டையும் இருக்குமெண்டு கேள்விப்பட்டன்."

ஞாயிற்றுக்கிழமை வந்தார். உருண்டை பத்தும் போயிற்று. அதிலும் உப்பிருந்தது.

விசாரணைக்குச் சந்தியோகு லீவு எடுத்துக்கொண்டு போனான். நடராசாவின் மேசையில் அவனுடைய கோப்பு அரையடி உயரத்துக்கு வளர்ந்திருந்தது.

"உணவு எண்டு நிரூபணமாயிட்டுது," என்றார் நடராசா. "வேற உலை. வேற உணவு. அப்ப வேற குடும்பம். உங்கட வளவுக்குள்ள ரெண்டு குடும்பம் இருக்குது, மாஸ்ரர். இவ்வளவு நாளும் அதை அரசாங்கத்துக்கு மறைச்சிட்டியள். போகட்டும். அந்த அடுப்பை வைச்சது ஆர்?"

"பெற்றிசியா."

"அப்ப குடும்பத் தலைவி அவதான்."

"சேர், நான் வந்ததே அவவின்ர பேரை வெட்ட."

"வெட்டியாச்சே!" நடராசாவுக்கு உண்மையாகவே சந்தோஷம். புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். மூன்றாம் பக்கத்தில், பெற்றிசியா என்ற பெயருக்குமேல், அடிமட்டம் வைத்து இழுத்த சிவப்புக் கோடு. பக்கத்தில்: 'தனி அடுப்புக்கு மாற்றப்பட்டது.'

பிறகு புதுப் புத்தகத்தை நீட்டினார். மை காயவில்லை. குடும்பத் தலைவி: பெற்றிசியா. உறுப்பினர்: கப்பித்தான். தொழில்: இல்லை.

"பிரிஞ்சிருக்கிற குடும்பங்களுக்கு நாங்கள் ஆலோசனையும் சொல்லுறனாங்கள்," என்றார் நடராசா, குரலைத் தாழ்த்தி. "ஒரே வளவுக்குள்ள தனி அடுப்பு நல்லதில்லை. அவவோட ஒருக்காக் கதைச்சுப் பாருங்கோ."

சந்தியோகு கதிரையில் இருந்தபடியே சிறிது நேரம் விறாந்தைக் கழுதையைப் பார்த்தான். அதுவும் அவனைப் பார்த்தது. பிறகு இரண்டு புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

அன்றுமுதல் சனிக்கிழமைகளில் தம்புவுக்கு வேலை கூடியது. முதற் புத்தகத்தில் ஒரு பெயர். இரண்டாவதில் இரண்டு. "பெற்றிசியா" என்று வாசித்துவிட்டுக் காத்திருப்பார். பிறகு, "கப்பித்தான்." "ஓம்" என்பான் சந்தியோகு. அது உண்மை. கப்பித்தானுக்கு ஒரு கொத்து அரிசி கிடைத்தது. வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

அடுத்த மாதம் அடுப்பு வாரம் வந்தது. நகர மண்டபத்தில் விழா. கந்தோரிலிருந்து பெற்றிசியாவுக்கு ஒரு அழைப்பிதழ். சிக்கன அடுப்புக்கான முதற் பரிசுக்கு அவள் தெரிவாகியிருந்தாள். மாவட்டத்திலேயே மிகக் குறைந்த விறகில் ஒரு குடும்பத்தைப் போஷித்த தலைவி.

போகாமல் விட்டால் என்ன நடக்குமோ என்று தெரியாமல் சந்தியோகு போனான். பின்வரிசையில் இருந்தான். நடராசா ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"அன்பார்ந்த அடுப்புத் தலைவிகளே! நாட்டில அரிசி இல்லையெண்டு சிலர் சொல்லுகினம். அது அரிசிக்காரரின்ர பாடு. அடுப்பு இருக்குதா இல்லையா எண்டதுதான் எங்கட கேள்வி. இருக்குது! போன வருசம் எங்கட கந்தோரில மூண்டு பேர். இண்டைக்கு நாப்பத்தொரு பேர். அடுப்பு ஒண்டும் கூடேல்லை. ஆனால் அடுப்பைப் பற்றின அறிவு பதின்மூண்டு மடங்கு கூடியிருக்குது. எங்கட கந்தோர்த் தேத்தண்ணி அடுப்பையும் நாங்கள் பதிவு செய்திட்டம். அதுக்குத் தலைவர் நான். சட்டம் எண்டால் எனக்கும் சட்டம்தான். ஆறு மாதமாத் தேயிலை இல்லை. எண்டாலும் தினசரி பத்து மணிக்கும் மூண்டு மணிக்கும் அடுப்பை மூட்டித் தண்ணியைக் கொதிக்க வைச்சுப் பதியிறம். அதுதான் கட்டுப்பாடு!"

கைதட்டல். மேசையில் வர்ணம் பூசிய அகப்பை ஒன்று இருந்தது. பரிசு அதுதான்.

"தோட்டவெளி, பெற்றிசியா!"

சந்தியோகு அழைப்பிதழை இரண்டாக மடித்தான்.

"பெற்றிசியா!"

முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது முறை நடராசா கொஞ்சம் மெதுவாகக் கூப்பிட்டார், வீட்டுக்குள்ளிருந்து ஆளைக் கூப்பிடுவதுபோல. "பெற்றிசியா, வாங்கோ பிள்ளை. வெக்கப்படாதையுங்கோ."

சந்தியோகு வாசலைப் பார்த்தான். பார்த்தபிறகுதான் தான் பார்த்தது அவனுக்குத் தெரிந்தது. வாசலில் காற்று மட்டும் புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்தது.

அகப்பையை நடராசாவே வைத்துக்கொண்டார். நாலாம் நாள் பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. மூன்று முறை அழைத்தும் தலைவி சமுகமளிக்கவில்லை. பதினாலு நாளுக்குள் அவர் நேரில் வந்து கையொப்பமிடவேண்டும். தவறினால் அடுப்புக் கற்களும் சட்டியும் கந்தோரால் அகற்றப்படும். அல்லது, அடுப்பை மூன்று நாள் மூட்டாமல் விட்டு, சாம்பல் ஆறிவிட்டதென்று பதிவாளர் தம் வலது கையால் தொட்டு உறுதிசெய்தால், அடுப்பு இறந்ததாகக் கொள்ளப்பட்டு, தலைவியின் பெயர் நிரந்தரமாக வெட்டப்படும். கற்களையும் சட்டியையும் உரிமையாளர் வைத்துக்கொள்ளலாம்.

சந்தியோகு கடிதத்தை இரண்டு தரம் வாசித்தான். கோடு கிடைக்கும். தம்பு இனி அந்தப் பெயரை வாசிக்கமாட்டார். செய்யவேண்டியது, மூன்று நாள் கப்பித்தானுக்கு அந்த அடுப்பில் சமைக்காமல் இருப்பது. கடிதத்தின் அடியிலிருந்த துண்டை, அடுப்பை ஆறவிடுவதாகப் பூர்த்திசெய்து அனுப்பினான். திங்கட்கிழமை விடிய அடுப்புக்குத் தண்ணீர் தெளித்தான்.

அதே சூடை மீனை, அதே சட்டியில், குசினி அடுப்பில் அவித்தான். முள்ளெடுத்துப் பிசைந்து கிணற்றடிக்குக் கொண்டுபோய் வைத்தான். கப்பித்தான் மணந்துவிட்டு அப்பால் போனான். மத்தியானம் சாம்பல் காய்ந்ததும் மூன்று கல்லுக்கும் நடுவில் ஏறிச் சுருண்டு படுத்தான். சந்தியோகு தூக்கி வெளியே விட்டான். கப்பித்தான் திரும்பவும் உள்ளே போய்ப் படுத்தான்.

செவ்வாய்க்கிழமையும் அப்படியே. உருண்டை செய்து வைத்தான். அதை எறும்பு கொண்டுபோயிற்று.

"மூட்டி விடுமன், தம்பி," என்றாள் செலீனா வேலியிலிருந்து. "அது செத்துப்போம்."

"கோடு வேணும், அக்கா."

"என்ன கோடு?"

அவன் விரலால் காற்றில் நாலு அங்குலம் இழுத்துக் காட்டினான். இருபத்தைந்து பிள்ளைகளுக்கு முன்னால் எதையும் விளக்கக்கூடியவன். செலீனா காத்துக்கொண்டு நின்றாள். பிறகு தன்பாட்டில் கருவாட்டைப் புரட்டப் போய்விட்டாள். அவளுடைய முதுகு, அவள் அழுகிறாள் என்று சொல்லிற்று.

வியாழக்கிழமை காலை நடராசாவும் வின்சன்டும் வந்தார்கள். வின்சன்ட் முதலில் சட்டியைத் திறந்து பார்த்தார். வெறுஞ்சட்டி. முகம் வாடிப்போயிற்று. செலீனா சாட்சியாக வேலியைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். கப்பித்தான் சாம்பலுக்குள் கிடந்தான், முதுகெலும்பு தெரிந்தது. வின்சன்ட் கையைத் தட்டினார். கப்பித்தான் எழுந்து, முன்காலை நீட்டி முறிவெடுத்து, மூன்றடி தள்ளிப்போய் இருந்தான்.

நடராசா மணிக்கூட்டைக் கழற்றினார். வலது கைச் சட்டையை முழங்கைவரை மடித்தார். குந்தியிருந்து கையைச் சாம்பலுக்குள் விட்டார்.

அப்படியே இருந்தார்.

"சூடாய்க் கிடக்கு," என்றார்.

"பூனை படுத்திருந்தது, சேர்," என்றான் சந்தியோகு. "அது பூனையின்ர உடம்புச் சூடு. எங்களைவிடப் பூனைக்குச் சூடு கூட."

"இருக்கலாம்."

"நான் மூண்டு நாளா மூட்டேல்லை. இவவைக் கேளுங்கோ."

"மூட்டேல்லை, சேர், சத்தியமா," என்றாள் செலீனா. சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்பதுபோல நின்றாள்.

"மாஸ்ரர், நான் உங்களை நம்புறன். ஆனால் சூடு எங்கையிருந்து வந்தது எண்டு எழுத இதில நிரல் இல்லை. சூடு, சூடில்லை. ரெண்டு நிரல்தான்." நடராசா கையை உதறினார். விரல்களில் பூனை மயிர் ஒட்டியிருந்தது. "இருபது வருசமா நான் சாம்பலுக்குள்ள கை விட்டுக்கொண்டு வாறன். செத்த அடுப்பு எப்பிடியிருக்குமெண்டு எனக்குத் தெரியும். இது சாகேல்லை."

எழுதினார். முத்திரை குத்தினார். பெற்றிசியாவின் புத்தகம் இன்னுமொரு வருஷத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. உயிருள்ள அடுப்பென்று பதிவாளர் கையாலேயே உறுதியானபடியால் தலைவி நேரில் வரத் தேவையில்லை; கற்களையும் எடுக்கத் தேவையில்லை. கொண்டுவந்திருந்த பொட்டலத்தைத் திறந்து, வர்ணம் பூசிய அகப்பையையும் கொடுத்தார்.

"அவவிட்டைக் குடுத்துவிடுங்கோ," என்றார்.

வின்சன்ட் படலைவரை போய்த் திரும்பினார். "மாஸ்ரர், இண்டைக்கு மூட்டுவியளோ?"

"போடா அங்காலை!" என்றாள் செலீனா.

சந்தியோகு எரிக்கப் பனை ஊமல்கொட்டையும் காய்ந்த கொக்கறையும் பொறுக்கிக்கொண்டு வந்து கிணற்றடியில் நெருப்பு மூட்டினான். செலீனா தன் வீட்டிலிருந்து ஆறு சூடை மீன் கொண்டுவந்து கொடுத்தாள். அவித்தான். முள்ளெடுத்தான். விரல் சுடவில்லை, இப்போதெல்லாம் சுடுவதில்லை. கப்பித்தான் சட்டியைப் பார்த்தான், அவனைப் பார்த்தான், தின்றான். தின்று முடியும்வரை சந்தியோகு அகப்பையை மடியில் வைத்தபடி குந்தியிருந்தான்.

சனிக்கிழமை சங்கக்கடையில் நல்ல வரிசை. அவன் முறை வந்ததும் தம்பு முதற் புத்தகத்தை விரித்தார்.

"சந்தியோகு."

"ஓம்."

இரண்டாவதை விரித்தார்.

"பெற்றிசியா."

வரிசை நிலத்தைப் பார்த்தது. தம்பு பேனையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"அடுப்படியில நிக்கிறா," என்றான் சந்தியோகு.

தம்பு தலையை நிமிர்த்தவில்லை. பெயருக்கு நேரே ஒரு புள்ளி வைத்தார். பிறகு தராசை எடுத்து, அவளுடைய சீனியை நிறுத்தார்.